போ என்றால் ஆம்

சுவிஸில் நான் வேலை செய்யிற குசினியில் அடுப்படியில் நிற்கிறவன் கொசோவோ அல்பேனியன். சலாட் வெட்டுகிறவர் கிரேக்கர், இயோவானினா பக்கத்து ஆள். நடுவில் யாழ்ப்பாணத்தான் நான்.

முதல் கிழமை பட்ட பாட்டைச் சொல்ல வேணும். "இந்தச் சட்டியைக் கழுவட்டோ?" என்று எனக்குத் தெரிந்த டொய்ச்சில், அதாவது ஜெர்மனில், கேட்பேன். அவன் "போ" என்பான். சரி, வேண்டாமாக்கும் என்று போய்விடுவேன். பத்து நிமிசத்தில் ஏன் கழுவவில்லை என்று கத்துவான். அல்பேனிய மொழியில் 'போ' என்றால் ஆம். 'யோ' என்றால் இல்லை. கிரேக்கரிடம் போனால் அங்கே வேறு கூத்து. அவருடைய 'நே'யும் ஆம்தான். சுவிஸ்காரரின் 'நெய்' என்றால் இல்லை என்று பழகிய காதுக்கு அது எப்போதும் மறுப்பாகவே விழும்.

இவர்கள் இரண்டு பேரும் தங்கள் மொழியில் கதைத்தால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. இரண்டுமே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம்தான், ஆனால் ஒவ்வொன்றும் தனிக் கிளை. அல்பேனியமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்று ஜெர்மன் மொழியியலாளர் ஃப்ரான்ஸ் பொப் நிறுவியதே 1854இல்தான். பக்கத்து வீடு, தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோவா, அதாவது முட்டைக்கோஸ், வெட்டும் நாளில் மட்டும் ஒரு அதிசயம் நடக்கும். கிரேக்கர் 'லாஹனோ' என்பார், இவன் 'லாக்னா' என்பான். பழைய கிரேக்கத்திலிருந்து போன சொல் அது. அரிவாளுக்கும் திரிகைக்கும் அல்பேனியர் சொல்கிற சொற்களும் அப்படிப் போனவைதான். துருக்கியர் ஆண்ட காலத்தில் பை, சட்டைப்பை, கண்ணாடி என்று இரண்டு பேருக்கும் பொதுவாக வந்து சேர்ந்தவை வேறு.

என்னைப் பிடித்து உலுக்கியது சொல் இல்லை, வாக்கியம். வேலை முடியும் நேரம் கொசோவோக்காரன் "து மே ஷ்கூ" என்பான். 'மே ஷ்கூ' என்றால் 'போக'. அப்படியே நம்முடைய 'போக வேணும்'. நாளைக்குப் போவதைச் சொல்ல "கொம் மே ஷ்கூ" என்பான். எனக்குப் போக இருக்கு! இதைவிட யாழ்ப்பாணத் தமிழ் வேண்டுமா? கிரேக்கரோ "தெலோ ந பாவோ" என்பார். விரும்புறன், நான் போறதை என்கிற மாதிரி. அவரிடம் 'போக' என்று ஆளும் காலமும் ஒட்டாத வினையே இல்லை. 'நீ போக வேணும்' என்றால் "தெலிஸ் ந பாஸ்" என்று இரண்டு வினையையும் 'நீ'க்கு ஏற்ற மாதிரி மாற்றியாக வேணும். பழைய கிரேக்கத்தில் அந்தப் 'போக' இருந்தது, காலப்போக்கில் தேய்ந்து போனது.

கிரேக்கத்துக்கு 'போக' இல்லை, அல்பேனியத்துக்கு இருக்கிறது என்று கணக்கை முடித்து வைத்திருந்தேன். போன கோடையில் மனுசியோடு கோர்ஃபு தீவுக்குப் போனபோது அந்தக் கணக்கு பிழையாகிப் போனது. அங்கிருந்து அல்பேனியாவின் சரண்டாவுக்கு வேகப்படகில் அரை மணி நேரம். அல்பேனிய நேரம் கிரேக்கத்துக்கு ஒரு மணி பிந்தி, ஆகவே புறப்பட்ட நேரத்துக்கு முன்னமே போய் இறங்கிவிட்டோம். ஊர்ப் பெயரிலேயே கிரேக்கம் இருக்கிறது. நாற்பது புனிதர்கள் பெயரில் அங்கே பழைய மடம் ஒன்று இருந்தது, 'சரண்டா' என்றால் கிரேக்கத்தில் நாற்பது. அல்பேனியரோ நாற்பதை 'தூசெட்' என்பார்கள், அதாவது இரண்டு இருபது. தங்கள் ஊர்ப் பெயர் ஒரு எண் என்பது அவர்களுடைய எண்ணில் கேட்காது.

பஸ் நிற்குமிடத்தில் குசினியில் படித்த அல்பேனியத்தை எடுத்து விட்டேன். "து மே ஷ்கூ" என்று தொடங்கி ஜிரோகாஸ்தர் என்று ஊர்ப் பெயரில் முடித்தேன். சாரதி என்னை மேலும் கீழும் பார்த்து, "தி தித்கே ஷ்சிப்!" என்றார். உனக்கு அல்பேனியன் தெரியுதே! அந்த 'ஏ'யை நாங்கள் சொல்லின் வாலில் ஒட்டுவோம். அல்பேனியர் அதற்கென்று வினைக்கே தனி வடிவம் வைத்திருக்கிறார்கள், எதிர்பாராததைக் கண்டு வியக்க. கிரேக்கத்தில் அப்படித் தனி வடிவம் கிடையாது. என்னைக் கேட்டால் உலகம் கிரேக்கத்தைக் கொண்டாடுகிறது, வேடிக்கை முழுக்க அல்பேனியத்தில்தான்.

பிறகு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த முகத்துக்கு எங்கிருந்து கொசோவோப் பேச்சு வந்தது? தெற்கில் அப்படிச் சொல்ல மாட்டார்களாம். "துவா த ஷ்கோய்" என்று திருத்தினார். விரும்புறன், நான் போறதை. அச்சொட்டாகக் கிரேக்கர் கட்டுகிற வாக்கியம்! கோடு கடலில் இல்லை, அல்பேனியாவுக்குள்ளேயே, ஷ்கும்பின் ஆற்றங்கரையில் ஓடுகிறது. ஆற்றுக்கு வடக்கே கெக் என்கிற பேச்சு, தெற்கே தொஸ்க் என்கிற பேச்சு. 1972இல் பொது எழுத்துமொழியை முடிவு செய்தபோது தெற்குப் பேச்சைத்தான் அடியாக எடுத்தார்கள். ஆனால் கோவா விசயத்தில் கதை தலைகீழ்: தெற்கில் 'ன' 'ர' ஆகி 'லாக்கர்' என்கிறார்கள். கிரேக்கத்தோடு ஒட்டி நிற்பது வடக்கின் 'லாக்னா'.

உச்சரிப்பில் எனக்கு வாய்ப்புத்தான். அல்பேனியத்தில் 'அர' என்றால் வயல், 'அற' என்றால் அக்ரூட். கரியையும் கறியையும் பிரித்துச் சொல்லி வளர்ந்த நாக்குக்கு அது பிரச்சினையே இல்லை. குசினி டொய்ச்காரர்கள் இதில் திணறுவதைப் பார்க்கச் சந்தோசம்.

பழமைப் பேச்சு வந்தால் கிரேக்கர் மூவாயிரம் வருசத்துக்கு மேல் என்று தொடங்கிவிடுவார். நம்மாட்களைப் போலவே. கொசோவோக்காரனுக்கு எழுத்தில் காட்ட 1462இல் ஒரு ஞானஸ்நான வாக்கியம் இருக்கிறது, 1555இல் புசூகு என்ற பாதிரியாரின் பூசைப் புத்தகம் இருக்கிறது. கோவிலுக்குப் பிள்ளையைக் கொண்டுவர முடியாத தாய்தகப்பன் வீட்டிலேயே சொல்லிக்கொள்ள ஒரு பேராயர் எழுதிக் கொடுத்த வரி அந்த ஞானஸ்நான வாக்கியம். எனக்கு அந்த ஒற்றை வரி பிடித்திருக்கிறது.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்து, வேலை முடிய, வேண்டுமென்றே "துவா த ஷ்கோய்" என்றேன். கரண்டியைக் கீழே வைத்தான்.

"தெற்குக்காரன் ஆயிட்டியே!" என்றான், அந்த வியப்பு வடிவத்திலேயே. பிறகு சட்டியைக் காட்டினான். கழுவட்டோ என்று கேட்டேன்.

"போ."