கயாக் வாங்கும் படலம்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

சென்னைக் கடற்கரையில் நின்று தூண்டில் வீசி வீசிச் சலித்துவிட்டது. கிழங்கானும் கெளுத்தியும்தான் மாட்டுகின்றன. பாறை மீனும் சீலாவும் அலை உடையும் இடத்துக்கு அந்தப் பக்கம் துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது, தூண்டில்தான் எட்டுவதில்லை. இந்த வருடம் சின்னதாக ஒரு படகு வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தாயிற்று. ஒரு ஆள் உட்கார வேண்டும், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் போய்வர வேண்டும், வீட்டு மொட்டை மாடியில் வைக்க முடிய வேண்டும்.

மச்சானிடம் சொன்னேன். ராத்திரிக்குள் வாட்ஸ்அப் நிரம்பிவிட்டது. எல்லாம் கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு. காலால் மிதிக்கும் பெடல் வைத்த கயாக், மோட்டார் வைத்த கயாக், மீன் காட்டும் திரை வைத்த கயாக். எல்லா வீடியோவும் ஏதோ ஏரியில் எடுத்தது. ஒன்றில்கூட அலை இல்லை. நம்ம ஊரில் அலையைத் தாண்டினால்தான் மீனே.

பிப்ரவரி 6, வியாழன்

வேண்டாதவற்றைக் கழித்துக்கொண்டே வருகிறேன். குப்பங்களில் இருக்கிற பைபர் படகு முப்பது அடியை ஒட்டிய நீளம். மணலில் இழுக்க ஆட்கள் வேண்டும், இல்லையென்றால் டிராக்டர் வேண்டும். அது தொழிலுக்கான படகு, நமக்கில்லை. தட்டை அடி வைத்த அலுமினியப் படகு உப்பங்கழிக்கு அருமையானது. ஆனால் கடற்கரையில் இறக்கினால், உடைகிற அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். விழுந்த தண்ணீர் வெளியே போக வழி கிடையாது, மொண்டு ஊற்ற வேண்டியதுதான்.

காற்றடிக்கும் ரப்பர் படகின்மேல் கொஞ்ச நேரம் ஆசை இருந்தது. மடித்தால் கார் டிக்கியில் அடங்கிவிடும், எடையும் குறைவு. ஆனால் தண்ணீருக்கு மேல் உப்பலாக நிற்பதால் காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் போகும். அப்புறம் கெளுத்தி முள். விஷமுள் என்பதால் கைக்கே பயம், இதில் காற்றுப் பையின் மேல் உட்கார்ந்துகொண்டு அதைக் கழற்ற வேண்டும். முட்டுக்காட்டுப் பக்கம் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பியும் சும்மா விடாது. அதையும் அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் கொட்டிவாக்கம் குப்பத்துப் பக்கம் நடந்தேன். வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வயசுக் காலத்தில் கட்டுமரத்தில் போனவர், இப்போது எப்போதாவது மகனுடைய பைபரில் போகிறார். போனில் கயாக் படத்தைக் காட்டினேன். என்ன விலை என்று கேட்கவில்லை. மீன் மாட்டுமா என்றும் கேட்கவில்லை.

“இத்த எத்தினி பேரு தூக்கணும் தம்பி?”

“முப்பது கிலோதாண்ணே. நான் ஒருத்தனே இழுத்துடுவேன்.”

“தண்ணி ஏறிச்சின்னா எங்க போவும்?”

உட்காரும் இடத்தில் அடி வரைக்கும் ஊடுருவும் ஓட்டைகளைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஸ்கப்பர் என்று விற்கிறவர்கள் சொல்வது இதைத்தான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “அப்ப மரந்தான் இது” என்றுவிட்டு நண்டுக்குத் திரும்பிவிட்டார். மரம் என்று அவர் சொன்னது கட்டுமரத்தை.

வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, நான் படித்த வாங்குவோர் கையேடுகள் எதுவும் இந்த வரிசையில் கேட்கவில்லை என்று தோன்றியது. கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது. சேர்த்துக் கட்டிய மரங்களின் இடுக்கு வழியாக ஏறின தண்ணீர் ஏறின வேகத்தில் இறங்கிவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தூக்கிப்போய்க் காய வைப்பார்கள். தூக்குவது, தண்ணீர் வடிவது என்ற இரண்டு கணக்குக்கும் அதிலேயே விடை இருக்கிறது. சோழமண்டலக் கரை அப்படி. ஆழம் சட்டென்று இறங்குகிற செங்குத்தான மணல்கரை, அலை கரைக்குப் பக்கத்திலேயே வந்து மொத்தமாக உடையும்.

ஆக, உள்ளே கால் நீட்டி உட்காரும் வகைக் கயாக் இங்கே ஆகாது. அந்தக் குழியில் 200 லிட்டர் தண்ணீர் புகுந்தால் 200 கிலோ. அந்தக் கனத்தோடு அடுத்த அலை அதை உருட்டும்போது நாம் பக்கத்தில் நிற்கக் கூடாது. மேலே உட்காரும் வகைதான் என்பது இன்று முடிவாகிவிட்டது. நீளமும் அகலமும் பாக்கி.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று பௌர்ணமி. சாயங்காலம் திருவான்மியூரில் கடல்நீர் ஏற்றத்தைப் பார்க்கப் போனேன். சென்னையில் பெரிய ஏற்றவற்றமே ஒரு மீட்டரை ஒட்டித்தான், கடலை நம்பி நேரம் குறிக்கிற அளவுக்கு இல்லை. கழிமுகத்தில் மட்டும்தான் அந்த ஒரு மீட்டருக்கு மரியாதை. தண்ணீர் உள்ளே ஏறும்போது மடவை கூட்டமாக ஏறும், பின்னாலேயே கொடுவா.

எங்கே இறக்குவது என்பதும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. 1870களில் துறைமுகத்துத் தடுப்புச்சுவர் எழும்பியதிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கி மெரினா அகலமாகிவிட்டது. பல இடங்களில் 300 மீட்டர். அந்த மணலில் முப்பது கிலோவை இழுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். வடக்கே ராயபுரம், திருவொற்றியூரில் நேர் எதிர். மணல் வராமல் கரை அரித்து, கடலோரமெல்லாம் கருங்கல். அங்கே பிளாஸ்டிக் படகை அலையில் கொண்டுவந்து கரை சேர்ப்பது நடக்காத காரியம். எண்ணூர்க் கழி அமைதியான தண்ணீர்தான், ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த பிறகு அங்கே மீன் பிடித்துச் சாப்பிட மனம் வரவில்லை. தெற்கே கொட்டிவாக்கத்திலிருந்து கோவளம் வரைதான் நமக்கு.

பிப்ரவரி 16, ஞாயிறு

முட்டுக்காட்டு உப்பங்கழியில் தெரிந்தவரின் கயாக்குகள் இரண்டை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ஒன்று பத்தடி நீளம், 34 அங்குல அகலம். இன்னொன்று பன்னிரண்டடி, 30 அங்குலம்.

அகலமானதில் எழுந்து நின்றே தூண்டில் போடலாம். கடையில் நமக்கு இதைத்தான் விற்பார்கள். ஆனால் படகு ஒன்று தாண்டிப்போய் அதன் அலை பக்கவாட்டில் வந்ததும், தட்டை அடி அலையின் சரிவோடு ஒட்டிக்கொண்டு அப்படியே சாய்ந்தது. ஒடுங்கியது சும்மா நிற்கும்போது ஆட்டம் காட்டியது, ஆனால் அதே அலை அடியில் புகுந்து போனபோது சாயவில்லை. நிற்கிற தண்ணீருக்கு ஒரு நிதானம், ஆடுகிற தண்ணீருக்கு வேறொரு நிதானம்.

நீளம் வேகத்துக்கு. படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை, அதாவது நீர்க்கோட்டு நீளத்தை, அடிக்கணக்கில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அதிகபட்ச வேகம் எத்தனை நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) என்று வரும். பத்தடிக்கு 4.2, பன்னிரண்டுக்கு 4.6. தாளில் சின்ன வித்தியாசம்தான். ஆனி, ஆடியில் இது பெரிதாகிவிடும். அப்போது காலையில் மேல்காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். கரையோரம் கடல் வழவழவென்று ஆசை காட்டும். உள்ளே போனவன் திரும்பும்போது முழுக்க எதிர்க்காற்றில் துடுப்புப் போட வேண்டும். இந்த மாசத்தில் அந்தக் கவலை இல்லை, முற்பகலுக்கு மேல் வரும் கடல்காற்று நம்மைக் கரைப் பக்கமே தள்ளும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கோவளத்தில் அலை பழக்கம். கயாக்கை அலைக்குப் பக்கத்தில் நிறுத்தி எண்ண ஆரம்பித்தோம். பெரிய அலைகள் கூட்டமாக வருகின்றன, பிறகு ஒரு ஓய்வு. அந்த ஓய்வில் அணியத்தை, அதாவது முன்முனையை, நேராக அலைக்குக் காட்டி, நிறுத்தாமல் துடுப்புப் போட்டால் வெளியே போய்விடலாம். போவது சுலபம், திரும்புவதுதான் வித்தை. பின்னாலிருந்து அலை தூக்கும்போது கயாக் தானாகவே பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். திரும்பிவிட்டால் கவிழும். கவிழ்ந்தால் கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் நிற்கக் கூடாது. கடல் பக்கமாக விழ வேண்டும்.

வேண்டுமென்றே பலமுறை கவிழ்த்து ஏறிப் பழகினோம். வயிற்றைக் குறுக்கே போட்டு, புரண்டு, அப்புறம் உட்காருவது. உயரமான நாற்காலி வைத்த மாடல் இதில் தோற்றுவிட்டது. நாற்காலி சட்டத்தில் உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொள்கிறது, உட்கார்ந்த பிறகும் பாரம் மேலே நிற்கிறது. முதுகு வலிக்கு நல்லது என்கிறார்கள், உப்பங்கழியில் இருக்கலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். மச்சான் 95 கிலோ. அவன் ஏறியதும் ஸ்கப்பர் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வந்து இருக்கை நனைந்தது. தளம் நீர்மட்டத்துக்கு மேலே நின்றால்தான் ஓட்டை வடிக்கும், கீழே போனால் அதே ஓட்டை உள்ளே விடும். கம்பெனி சொல்லும் பாரத்தில் எழுபது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வது இதற்குத்தான். ஆள், ஐஸ் பெட்டி, நங்கூரம், மீன் எல்லாம் அந்த எழுபதுக்குள்.

பிப்ரவரி 26, புதன்

பெடல் விவாதம் மூன்று மணி நேரம். மச்சானின் கட்சி: கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கும், எதிர்க்காற்றில் கால் பலம் உதவும். இரண்டும் உண்மை. என் கட்சி: விலை இரண்டு மடங்குக்கு மேல், எடை பத்துக் கிலோவாவது கூடும், அலையில் இறங்கும்போதும் ஏறும்போதும் தண்ணீருக்குள் தொங்கும் பெடலின் அடிப்பாகத்தை மேலே தூக்கியாக வேண்டும். கரையோரம் விரித்திருக்கும் வலையின் மிதவைக் கயிற்றில் அது சிக்கினால் நம் தூண்டிலும் போச்சு, அவர்கள் பிழைப்பும் போச்சு. முடிவில்லாமல் தூங்கப் போனோம்.

மார்ச் 2, ஞாயிறு

வாங்கியாயிற்று. பன்னிரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு, 31 அங்குலம், 29 கிலோ, துடுப்புதான், தாழ்வான இருக்கை, மஞ்சள் நிறம். நிறத்தில் மட்டும் பேரமே பேசவில்லை. பைபர்காரர்கள் இருட்டில் வேகமாகத் திரும்புவார்கள், கறுப்பும் பச்சையும் அவர்கள் கண்ணில் படாது.

மாடியில் நிழல் பார்த்து, பக்கவாட்டில் நிறுத்திக் கட்டியிருக்கிறேன். அடி தரையில் பட வெயிலில் கிடந்தால் பாலிஎத்திலீன் நம்ம ஊர்ச் சூட்டில் குழிந்துவிடும். சக்கரம் காற்றடித்த குண்டு டயர் வகை. கெட்டியான மெல்லிய சக்கரம் மணலில் புதைகிறது. மணலில் இழுக்கும் வழியையும் பார்த்து வைத்தேன். பங்குனி ஆமை முட்டையிடும் காலம் இது. கடந்த மாதம் செத்து ஒதுங்கியவை போதும், கூட்டின் மேல் சக்கரம் வேறு ஏற வேண்டாம்.

உயிர்காப்புச் சட்டையில் விசில், நீர்புகா உறையில் போன், அதில் கடலோரக் காவல் படையின் 1554. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பில் உயரத்தோடு, அலைக்கு அலை எத்தனை விநாடி என்பதையும் பார்க்கிறேன். ஒரே உயரத்துக்கு விநாடி கூடினால் கரையில் அடி பலமாக இருக்கும்.

மச்சான் இன்னும் பெடலை விடவில்லை. பழவேற்காட்டில் ஓட்டிக்கொள்கிறானாம், அங்கே அலை கிடையாதாம். வாஸ்தவம்தான். ஆனால் அந்த ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டரை ஒட்டித்தான், பல இடங்களில் முழங்கால் அளவு. பெடலை எங்கே இறக்குவான் என்று கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் மாமா என்றான்.