பிசிஓஎஸ்ஸும் ஏழு மணி டப்பாவும்

பிசிஓஎஸ், அதாவது சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு என்று ரிப்போர்ட் வந்ததும் மும்பை செம்பூரில் எங்கள் கட்டிடத்திலும் வெளியிலும் உடம்புக் கழிவை வெளியேற்ற ஆளுக்கொரு டீடாக்ஸ் சொன்னார்கள். மேல் மாடி பாலக்காட்டு மாமி, "கார்த்தால வெறும் வயத்துல வெண்பூசணி ஜூஸ் குடி, எல்லாம் அலம்பிண்டு போயிடும்" என்றார். ஆபீஸில் பக்கத்து சீட் மராத்திப் பெண் சீந்தில் கஷாயத்தைப் பாட்டிலோடு கொடுத்தாள். திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில், "ஏட்டி, ஒரு தடவ விளக்கெண்ண குடிச்சு வயித்தக் கழுவு, எல்லாம் சரியாயிரும்." மூன்று பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

என் தொந்தரவு இதுதான்: மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகும், தாடையில் முடி, பின்கழுத்தில் கருமை. அந்தக் கருமையை அழுக்கு என்று பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடினால் தோல் அப்படித் தடித்துக் கருக்கும், தேய்த்தால் போகாது. அந்த ரிப்போர்ட்டுக்கு முன்பே டாக்டர் முதலில் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச்சும், பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டினும் பார்க்கச் சொல்லியிருந்தார். தைராய்டு கோளாறும், புரோலாக்டின் கூடுவதும் இதே மாதிரி மாதவிடாயைத் தள்ளிப் போடும் என்பதால், அவை இல்லை என்று தெரிந்த பிறகுதான் பிசிஓஎஸ் என்று சொல்ல முடியும். அப்புறம் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, சினைப்பை ஸ்கேன். 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல்படி, ஒழுங்கற்ற சுழற்சி, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே பிசிஓஎஸ்தான். எனக்கு மூன்றும் இருந்தன.

ஸ்கேனில் மணி மணியாகத் தெரிந்தவை முதிராமல் பாதியில் நின்ற முட்டைப் பைகள். கஷாயம் போட்டுக் கரைக்க அங்கே கட்டி எதுவும் இல்லை. என் விஷயத்தில் குழப்பம் இன்சுலினில் தொடங்குகிறது என்றார் டாக்டர். ஹெச்பிஏ1சி 5.9. 5.7இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. உடல் இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுக்காததால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது. டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறது, அதையும் இன்சுலின் குறைத்துவிடுகிறது. தாடை முடி வரை போகும் சங்கிலி இது.

சீட்டை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். ஹார்மோன் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் குடலும் தினமும் செய்கிற வேலை. வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கல்லீரல் மாற்றிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. அங்கே சில பாக்டீரியாக்கள் அதை மறுபடி அவிழ்த்துவிட்டால் ஒரு பகுதி ரத்தத்துக்கே திரும்பும். நார்ச்சத்து இருந்தால் அது மலத்தோடு போக உதவும். "நீங்கள் செய்ய வேண்டிய டீடாக்ஸ் கீரைதான்" என்றார். விளக்கெண்ணெய் குடலைக் காலி செய்யும், இன்சுலினை ஒன்றும் செய்யாது. பூசணி ஜூஸ் குடிப்பதில் கெடுதல் இல்லை, மாமியின் மனதும் குளிரும். சீந்தில் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. 2020 கடைசியில், கொரோனாவுக்கு எதிர்ப்புச் சக்தி என்று சீந்தில் குடித்த ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு வந்ததை இதே மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது என்றாலும், எதற்கு வம்பு என்று பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

உடல் இன்சுலினுக்குக் காது கொடுக்க உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். முதல் சில வாரம் வயிறு படுத்தியது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டு, அளவை மெல்லக் கூட்டியதும் அடங்கியது. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் சும்மா இருக்கக் கூடாது என்றும் சொன்னார். கருப்பையின் உள்சுவர் உரியாமல் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல, மாத்திரை கொடுத்தாவது வரவழைக்க வேண்டும். இதை எனக்கு முன்பு யாருமே சொன்னதில்லை.

மற்றபடி பெரிய மாற்றம் என்றால் இரவுச் சாப்பாடுதான். வேலை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். வீடு வந்து சமைத்துச் சாப்பிடப் பத்தரை ஆகும், சாப்பிட்ட கையோடு தூக்கம். இப்போது இரவுக்கும் சேர்த்துக் காலையிலேயே கட்டிக்கொண்டு போகிறேன். ஏழு மணிக்கு ஆபீஸ் பேன்ட்ரியில் இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் கீரைக் கூட்டு, சுண்டலோ முட்டையோ. எல்லோரும் டீயும் வடாபாவுமாக நிற்கும்போது நான் மட்டும் சாப்பாடு சாப்பிடுவதை முதலில் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பா வைப்பதை நிறுத்தினேன். சூட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் இறங்கும் சில பொருட்கள் ஹார்மோன் மாதிரி நடிக்கக்கூடியவை. எவர்சில்வரை உள்ளே வைக்க முடியாது, அதனால் ஒரு பீங்கான் கிண்ணம் டிராயரிலேயே கிடக்கிறது.

சாப்பிட்டதும் குர்லா ஸ்டேஷன் வரை நடை. ஷேர் ஆட்டோ வரிசையில் நிற்கும் நேரத்தில் பாதி தூரம் போய்விடலாம். சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் ரத்தச் சர்க்கரை அவ்வளவு ஏறாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இது நடக்காது, குர்லாவில் மழைத் தண்ணீர் முழங்காலுக்கு நிற்கும். அந்த மாதங்களில் கட்டிடத்துப் படிக்கட்டுதான்.

கீரைக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. செம்பூர் மார்க்கெட்டில் காலையில் போனால் லால் மாட் என்ற சிவப்புத் தண்டுக்கீரை, அம்பாடி என்ற புளிச்சகீரை, கட்டுக் கட்டாக மேத்தி என்ற வெந்தயக்கீரை. ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீரை மட்டும் அந்தக் கணக்கை எட்டாது. தோலோடு பயறு, கொண்டைக்கடலை, கொய்யா என்று சேர்த்தால்தான் ஆகும்.

அம்மாவோடுதான் கொஞ்சம் இழுபறி. கருப்பட்டி போட்ட உளுந்தங்களி மாவை பார்சல் செய்துவிட்டாள். டயட்டீஷியன், உளுந்து நல்லது, கருப்பட்டி சர்க்கரைக் கணக்கில்தான் வரும் என்றார். "கருப்பட்டி மருந்துல்லா!" என்று அம்மாவுக்குக் கோபம். கடைசியில் உளுந்தஞ்சோற்றில் சமாதானம் ஆனோம்: அரிசியைக் குறைத்து, கருப்பு உளுந்தைக் கூட்டி, எள்ளுத் துவையலோடு.

தூக்கம் மட்டும் இன்னும் முழுதாக வசப்படவில்லை. போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கிறேன், அவ்வளவுதான்.

சில மாதங்களில் எடை சிறிது இறங்கியது. மொத்த எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே சுழற்சி சீராகத் தொடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. ஹெச்பிஏ1சி 5.6. கழுத்துக் கருமை ஓரளவு வெளுத்திருக்கிறது. தாடை முடி அப்படியே இருக்கிறது. மாமி சொல்லிப் புதினா டீயும் குடித்தேன். சின்ன ஆய்வுகளில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, ஆனால் என் தாடைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கருத்தடை மாத்திரை, லேசர் என்று டாக்டர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். மாத்திரையைப் பற்றி அடுத்த முறை பேச வேண்டும். லேசருக்குச் சொன்ன விலையைக் கேட்டபின் இப்போதைக்கு த்ரெடிங்தான்.