பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: தமிழ்த் தட்டச்சு வரை வந்தாச்சு

வீட்டில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ3 லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம்; அதிலும் பழைய மெஷினுக்கு ஏற்ற, எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை அப்டேட் வரும்.

பென்டிரைவிலிருந்து பூட் செய்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். ஒலி, கேமரா, பிரிண்டர் மூன்றும் உடனே வேலை செய்தன. வைஃபை மட்டும் எடுக்கவில்லை. நிறுவி முடித்ததும் போனை யூஎஸ்பியில் செருகி, அதன் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தேன். வேண்டிய டிரைவரை அதுவே காட்டியது. ரீஸ்டார்ட் செய்ததும் சரி.

எனக்கு முக்கியம் தமிழ்தான். அது சரியாக அமையாவிட்டால் இந்த மாற்றமே வேண்டாம் என்று இருந்தேன். சாஃப்ட்வேர் மேனேஜரில் பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸ்ஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வந்தால் போதும். ஐபஸ் அமைப்புகளில் தமிழின் கீழ் தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெடிக் என்று விசைப்பலகை முறைகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நான் தமிழ்99-காரன். அ, ம, ம, ஆ என்று தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுந்து 'அம்மா' வந்து நிற்கிறது. விண்டோஸில் பழகிய விரல்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. அப்பா டைப்ரைட்டிங் படித்தவர்; அவருக்கு டைப்ரைட்டர் முறையைச் சேர்த்துக் கொடுத்தேன்.

அப்புறம் அப்பாவின் பழைய கோப்புகள். கோயில் திருவிழா நோட்டீஸ்கள், மனுக்கள், கடிதங்கள், எல்லாமே பாமினி எழுத்துருவில். வேர்டு போன்ற லிப்ரே ஆபீஸில் திறந்தால் 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகள். பாமினி யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் எழுத்துரு, அவ்வளவுதான். விண்டோஸை அழிக்கும் முன்பே அதன் ஃபான்ட்ஸ் போல்டரை நகலெடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து பாமினியை மட்டும் இரட்டைச் சொடுக்கில் நிறுவியதும் அத்தனை நோட்டீஸும் பழையபடி தெரிந்தன. மாறப் போகிறவர்கள் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

ஆனால் எழுத்துருவை நம்பி எத்தனை காலம் ஓட்டுவது? ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால்கூடக் கிடைக்காத தமிழ் அது. ஓப்பன்-தமிழ் என்ற, பைதான் நிரல்மொழிக்கான நிரல் தொகுப்பில் பாமினியை யூனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. ஒரு கடிதத்தை வெறும் உரையாகச் சேமித்து மாற்றிப் பார்த்தேன், அழகாக வந்தது. ஆங்கிலமும் தமிழும் கலந்த வரிகளில்தான் சிக்கல்: ஆங்கிலப் பெயர்களையும் அது தமிழாக்கிவிடுகிறது. அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

டேலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு லினக்ஸுக்கு மாறச் சொல்ல மாட்டேன், டேலி விண்டோஸுக்கானது. எங்கள் வீட்டில் அந்தத் தேவை இல்லை. அடுத்த வேலை, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுவது. அதற்குள் மனுக்கள் போல்டர் முழுவதையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.