20 என்று எழுதினால் எந்த 20?

ஷாஃப்ட் டிராயிங்கில் பேரிங் உட்காரும் இடத்துக்கு வெறுமனே 20 என்று எழுதிவிட்டு, கீழே பட்டியில் ‘குறிப்பிடாத அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 2768 நடுத்தர வகுப்பு’ என்று, அதாவது தனியாக அனுமதி எழுதாத அளவுகளுக்கான பொதுத் தரநிலையை, போட்டிருப்பார்கள். அந்த வகுப்பில் 6 முதல் 30 மி.மீ. வரையிலான அளவுக்கு ±0.2 அனுமதி உண்டு. ஆக, லேத்தில் நிற்பவர் 19.8 கடைந்து கொடுத்தாலும் 20.2 கடைந்து கொடுத்தாலும் அவர் மேல் தப்பே இல்லை. முதலாவதில் பேரிங் லொடலொடவென்று ஆடும், இரண்டாவதில் ஏறவே ஏறாது. தப்பு டிராயிங் போட்டவருடையது.

ஒரு சின்ன அசெம்ப்ளியை எடுத்துக்கொள்வோம். இரண்டு 6204 பேரிங்குகள் (உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ.), நடுவே 200 மி.மீ. இடைவெளி, ஒரு முனையில் வி-பெல்ட் புல்லி. கணினியைத் திறக்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் கையால் கிறுக்கிப் பார்த்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட வேண்டும். பேரிங்கின் உள்வளையம், வெளிவளையம் இரண்டில் எது சுற்றுகிறது? சூடானால் ஷாஃப்ட் எந்தப் பக்கம் நீளும்? பேரிங் போனால் எந்த வழியாகக் கழற்றுவது? இந்தப் பதில்கள் இல்லாமல் போடும் அளவெல்லாம் வெறும் ஊகம்தான்.

இங்கே ஷாஃப்ட்டோடு உள்வளையம் சுற்றுகிறது, பெல்ட் ஒரே திசையில் இழுக்கிறது. அதனால் உள்வளையம் ஷாஃப்ட்டை இறுகப் பிடித்திருக்க வேண்டும், வெளிவளையம் ஹவுசிங்கில், அதாவது பேரிங்கைத் தாங்கும் கூட்டில், நகர இடம் வேண்டும். ஷாஃப்ட்டுக்கு 20 சின்ன கே6, ஹவுசிங் துளைக்கு 47 பெரிய எச்7. அளவு எதிலிருந்து எதுவரை போகலாம் என்பதைச் சொல்லும் குறியீடுகள் இவை. சின்ன எழுத்து ஷாஃப்ட்டுக்கு, பெரிய எழுத்து துளைக்கு. இதை மாற்றிப் போட்டால் அர்த்தமே மாறிவிடும்.

20 கே6 என்றால் 20.002 முதல் 20.015 வரை. 6204-இன் உள்விட்டம் 19.990 முதல் 20.000 வரை வரும். ஆக, குறைந்தது 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.), அதிகம் போனால் 25 மைக்ரான் இறுக்கம். இதையே யாரோ ‘சரியாத்தானே இருக்கு’ என்று ±0.05 போட்டால் இறுக்கம் 60 மைக்ரான் வரை போகலாம். சாதாரண 6204-க்குள் பந்துக்கும் தடத்துக்கும் இருக்கும் மொத்த இடைவெளியே 5 முதல் 20 மைக்ரான்தான். உள்வளையம் விரிந்து அந்த இடைவெளியைத் தின்றுவிடும். ஓடத் தொடங்கியதும் பேரிங் கொதிக்கும். மறுபக்கம் 19.95 வந்தால் உள்வளையம் ஷாஃப்ட் மேலேயே வழுக்கிச் சுற்றி, இருக்கையை அரைத்துத் தேய்த்துவிடும்.

அடுத்து தோள், அதாவது பேரிங் முட்டி நிற்கும் ஸ்டெப். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். 6204-இன் மூலை வளைவு குறைந்தது 1 மி.மீ. என்று உத்தரவாதம். ஷாஃப்ட்டின் மூலையில் அதைவிடப் பெரிய வளைவு விழுந்தால் வளையம் தோளில் முட்டாது, வளைவின் மேல் ஏறிச் சாய்ந்து உட்காரும். டிராயிங்கில் எதுவும் எழுதாவிட்டால் மெஷினில் மாட்டியிருக்கும் பிட்டின் முனை ஆரம் எதுவோ அதுதான் விழும். 0.8 முனை என்றால் தப்பித்தோம், 1.2 என்றால் போச்சு. ‘மூலை ஆரம் அதிகபட்சம் 0.8’ என்று ஒரு வரி எழுதினால் போதும். தோளின் விட்டம் 26 வைக்கலாம். பேரிங் உட்காரும் இருக்கைக்கு மேற்பரப்பின் சொரசொரப்பு ஆர்ஏ 0.8 மைக்ரான்.

ஷாஃப்ட்டின் காடிக்குள் உட்கார்ந்து பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் வளையமான சர்க்ளிப்பின் தடிமன் 1.2, காடியின் அகலம் 1.3, காடியின் அடிவிட்டம் 19. இந்தக் காடிக்கு எங்கிருந்து அளவு போடுவது? ஷாஃப்ட் முனையிலிருந்து போடுவதுதான் பழக்கம். ஆனால் பேரிங் முட்டுவது தோளில். பேரிங் 14, சர்க்ளிப் 1.2, சேர்த்தால் 15.2. ஆகவே தோளிலிருந்து காடியின் வெளிச்சுவர் வரை 15.2, பிளஸ் 0.1, மைனஸ் பூஜ்யம். 15.1 ஆகிவிட்டால் சர்க்ளிப் காடிக்குள் இறங்காது. முனையிலிருந்து அளவு போட்டால் தோளின் பிழையும் காடியின் பிழையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, இந்த 0.1-ஐக் காப்பாற்ற வழியே இருக்காது.

சங்கிலி போல அளவு கோப்பதும் இதே நோய்தான். 40, 40, 40, 40 என்று நான்கு ஸ்டெப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ±0.3, கடைசி முகம் ±1.2 வரை தள்ளிப் போகலாம். ஒரே முகத்திலிருந்து 160 என்று போட்டால் ±0.5-இல் நிற்கும். எல்லா ஸ்டெப்புக்கும் அளவு கொடுத்துவிட்டு மொத்த நீளத்தையும் கொடுக்காதீர்கள். முக்கியமில்லாத ஒரு நீளத்தை விட்டுவிடுங்கள், மிச்சப் பிழையெல்லாம் அதற்குள் போய்ச் சேரட்டும்.

இனி வெப்பம். ஷாஃப்ட் ஹவுசிங்கைவிட 40 டிகிரி சூடானால் 200 மி.மீ. எஃகு ஏறத்தாழ 0.1 மி.மீ. நீளும். ஒரு பேரிங்கின் வெளிவளையத்தை மட்டும் கவர் வைத்து இருபுறமும் பிடியுங்கள். மற்றதன் வெளிவளையத்துக்கு இரு பக்கமும் அரை மி.மீ. விடுங்கள். இரண்டையும் இறுக்கினால் நீளும் ஷாஃப்ட் பேரிங்குகளைப் பக்கவாட்டில் நெருக்கும்.

புல்லி இருக்கும் இடம் 18 மி.மீ. என்றால் புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் கீ 6க்கு 6, அது உட்காரும் காடியான கீவேயின் ஆழம் 3.5. இந்த 3.5-ஐ அப்படியே எழுதினால் அளப்பவர் திண்டாடுவார். எங்கிருந்து அளக்க வேண்டுமோ அந்த மேல்விளிம்பை வெட்டி எடுத்தாயிற்றே. எதிர்ப்புறத்திலிருந்து காடியின் அடி வரை 14.5 என்று எழுதுங்கள்.

பார்வைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஷாஃப்ட்டுக்கு ஒரு முகப்புப் பார்வையும் கீவேயில் ஒரு குறுக்குவெட்டும் போதும். ஷாஃப்ட்டை நீளவாக்கில் வெட்டிக் கோடு போடுவது வழக்கமில்லை. ஹவுசிங் போல இடம் வலம் மாறும் பாகம் என்றால் பார்வைகளைத் தாளில் அடுக்கும் முறையான முதற்கோண வீழ்ப்பின் குறியீடு பட்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். நம் நாட்டு முறையில் மேற்பார்வை முகப்புக்குக் கீழே வரும், இடப்பக்கப் பார்வை வலப்பக்கம் வரும். இதற்கு நேரெதிராக அடுக்கும் அமெரிக்க டிராயிங் பார்த்துப் பழகியவர் குறியீடு இல்லாத தாளைப் பார்த்தால், துளைகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிப் போட்டுவிடுவார்.

தாளை வெளியே அனுப்பும் முன் ஒரு பிரதி எடுத்து, ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் அதை எந்தக் கருவியால் அளப்பது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். 14.5-க்கு வெர்னியர் போதும். 20 கே6-க்குப் போதாது. அங்கே இருப்பது வெறும் 0.013 மி.மீ. இடம், சாதாரண வெர்னியரின் ஒரு கோடே 0.02. அந்த அளவின் பக்கத்தில் 0.001 படிக்கும் மைக்ரோமீட்டர் என்று எழுதுங்கள். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் அது இல்லையென்றால், இருக்கும் இடத்துக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.