கடைசி பீரியட் கடிதங்கள்

எங்கள் டீச்சரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். பெயரைப் போடாவிட்டால் எழுதிக்கொள் என்று போனிலேயே சொல்லிவிட்டார். எண்பதுகளில் கேரளத்துக் கொல்லம் மாவட்டக் குளத்துப்புழையில் படித்தவர்களுக்குப் பெயர் எதற்கு? செங்கோட்டையிலிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் தென்மலையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்த இங்கிலீஷ் டீச்சர் ஒருவர்தான்.

வளைகுடாவில் பிறந்த நம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பழங்கதை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கைத் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அப்படித் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களில் ஒரு பங்கினருக்குப் புனலூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. 1976இல் அது ரீஹாபிலிட்டேஷன் பிளான்டேஷன்ஸ் என்று கம்பெனியானது. கொழுந்து கிள்ளிய கை பால்வெட்டுக் கத்தி பிடிக்கப் பட்ட பாட்டை என் அம்மாவிடம் கேட்க வேண்டும்.

பின்னால் வந்த பிள்ளைகள் கதை வேறு. 1981இல் இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் தோட்டங்களில் புகுந்து தமிழர்களை அடித்தார்கள். 1983 ஜூலை இன்னும் கொடுமை. தாய் தகப்பனைப் பறிகொடுத்து, மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு பையன் எங்கள் வகுப்பில் இருந்தான். தங்கை இரண்டு வகுப்பு கீழே. அங்கே அவர்கள் இருந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, எரிந்ததில் பிறப்புப் பத்திரமும் போனது. ரேஷன் கார்டில் பெயர் ஏற்றப் போனால் காகிதம் கேட்டார்கள்.

தலையைத் தடவி ஆறுதல் சொல்லுகிற ஆளில்லை டீச்சர். கடைசி பீரியடில் பாடப்புத்தகத்து லீவ் லெட்டரை மூடிவைத்துவிட்டு, இரத்தினபுரி கச்சேரிக்கு, அதாவது அந்த ஊர் மாவட்ட அரசு அலுவலகத்துக்கு, அவன் எழுத வேண்டிய கடிதத்தையே போர்டில் ஏற்றினார். அதற்கு முன்னால் அவனைத் தனியே கூப்பிட்டுச் சம்மதம் கேட்டிருக்கிறார். அது எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. என்ன வேண்டும் என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். பிறகு தோட்டம், டிவிஷன், தகப்பன் பேர், வருஷம். கெஞ்சல் வரி எட்டிப்பார்த்தால் சிவப்பு மைதான். "நீ கேக்குறது உன் பேப்பர்டா. நிமிந்து எழுது."

கார்பன் வைத்து ஒரு காப்பி. ரிஜிஸ்டர் தபால். கையெழுத்தாகித் திரும்பி வரும் அட்டையைக் காப்பியோடு குத்தி வைக்க வேண்டும். தபால் செலவு யார் கொடுத்தது என்று நாங்கள் கேட்டதில்லை.

கச்சேரி வாய் திறக்கவில்லை. கண்டியிலிருந்த இந்திய உதவி ஹைகமிஷனுக்கு எழுதினான், நினைவூட்டினான், மறுபடி நினைவூட்டினான். பிறப்புப் பத்திர நகல் ஒருவழியாக வந்தது. சாவுப் பத்திரங்கள் வரவேயில்லை.

இதற்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இலங்கையில் விட்டுவந்த சேமலாப (பி.எஃப்.) பணத்துக்கு, பிரிந்துபோன தம்பியைத் தேடி, பென்ஷனுக்கு என்று சாயங்காலமானால் மாமன் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். "அநாதைப் பிள்ளைக" என்று உச்சுக்கொட்டிய அதே வாய்கள் "தம்பி, ஒரு லெட்டரு" என்று வந்தன. டீச்சர் போட்ட கணக்கு இதுதான் என்று எனக்குப் படுகிறது. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். காசு வாங்கக் கூடாது, கப்பக்கிழங்கு கொடுத்தால் வாங்கலாம் என்பது அவர் உத்தரவு.

எஸ்.எஸ்.எல்.சி.யில் அப்போது 600க்கு 210 எடுத்தால் பாஸ். அவனுக்கு இங்கிலீஷ் கைகொடுத்தது, கணக்கு காலை வாரியது. பக்கத்து ஊரான அஞ்சலில் டுட்டோரியல் படித்து மறுவருஷம் தேறினான். அவன் போனதும் லெட்டர் வேலையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். அவள் கெட்டிக்காரி. கிழங்கு வேண்டாம், ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றுவிட்டாள். டீச்சர் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்.