கேரம் போர்டில் ஒரு ஸ்டார்ஷிப்: ஆறு அமர்வுக் குறிப்புகள்

ஆட்டம்: ஸ்டார் ட்ரெக் அட்வென்சர்ஸ், ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி டைஸ் உருட்டும் கதை ஆட்டம், மோடிஃபியஸ் நிறுவனம் 2017ல் வெளியிட்ட முதல் பதிப்பு. இரண்டாம் பதிப்பு 2024லேயே வந்துவிட்டது. கையில் இருந்தது பழையது, அதனால் கீழே வரும் கணக்கெல்லாம் அதற்குத்தான். இடம்: ராயபுரத்தில் ஒரு மாடி அறை. ஆட்கள்: ஐந்து ஆட்டக்காரர், கதையை ஓட்ட ஒரு நடத்துநர். அமர்வு ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

ஸ்டார் ட்ரெக் 1966ல் டிவியில் தொடங்கிய விண்வெளித் தொடர். இதை வைத்து மேசை ஆட்டம் போடுவதும் புதிதல்ல, 1982லேயே ஃபாஸா நிறுவனம் ஒன்று கொண்டுவந்தது. அதில் கப்பல் சண்டைக்குக் கட்டம் போட்ட வரைபடம், நூறுக்குள் உருட்டும் கணக்கு என்று வேலை அதிகம். 2017 ஆட்டத்தின் அடிப்படை அதைவிட ரொம்ப எளிது. தமிழ் மேசையில் அது தடுமாறும் இடங்கள் இரண்டு: கதாபாத்திரத்தின் விவரம் எழுதும் சீட்டில் இருக்கும் சொல்லும், கைக்கு எட்டாத காயும். ஆறு அமர்விலும் சரிசெய்தது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான்.

அடிப்படை இதுதான். கதாபாத்திரத்துக்கு ஆறு குணம், ஆறு துறை. நடத்துநர் ஒரு குணத்தையும் ஒரு துறையையும் சொல்வார், இரண்டையும் கூட்டினால் இலக்கு எண். இருபது முக டைஸ் இரண்டை உருட்டி, இலக்கு எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் டைஸுக்கு ஒரு வெற்றி. 1 விழுந்தால் இரண்டு வெற்றி. அந்த வேலையில் தனிப் பயிற்சி இருந்தால், துறை எண்ணுக்குள் விழும் டைஸும் இரண்டாக எண்ணப்படும். 20 விழுந்தால் ஒரு சிக்கல். எத்தனை வெற்றி தேவை என்று நடத்துநர் சொல்வார், அதற்கு மேல் வந்த வெற்றிகள் அத்தனையும் காய்களாகப் பொதுவில் சேரும். ஆங்கிலத்தில் அதற்கு மொமெண்டம் என்று பெயர்.

சொல்லில் விழுந்த முதல் அடியும் அங்கேதான். மொமெண்டத்துக்கு ‘வேகம்’ என்று எழுதியிருந்தது. கப்பல் பறக்கும் காட்சியில் ஒருவர் “வேகம் போடு” என்றால் எஞ்சினைச் சொல்கிறாரா, காயைச் சொல்கிறாரா என்று தெரியாது. ‘உந்தம்’ பாடப்புத்தகச் சொல், யார் வாயிலும் வரவில்லை. இரண்டாம் அமர்வில் அந்தப் பெயரை விட்டுவிட்டுக் காய் போடும் டப்பாவுக்குப் பெயர் வைத்தோம்: உண்டியல். “மூணு வெற்றி, தேவை ஒண்ணு, ரெண்டு உண்டியலுக்கு.” அதற்கப்புறம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

குணங்களின் பெயர்கள் இன்னும் படுத்தின. ‘கன்ட்ரோல்’ என்பதைக் ‘கட்டுப்பாடு’ என்று போட்டதும், அடுத்தவரைக் கட்டுப்படுத்தும் திறன் என்று இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். ‘நிதானம்’ என்று மாற்றியதும் தெளிந்தது. ‘பிரசன்ஸ்’ முதலில் ‘இருப்பு’ என்று இருந்தது, ரேஷன் கடைப் பலகை மாதிரி. சீட்டில் அது இப்போது ‘ஆளுமை’, பேச்சில் ‘கெத்து’. ‘இன்சைட்’டுக்கு ‘நுண்ணறிவு’ வேண்டாம், ‘ரீசன்’ உடன் குழம்பும். ‘உள்ளுணர்வு’ சரி. ‘ரீசன்’ ‘பகுத்தறிவு’ ஆனது. தர்க்கத்தையே நம்பும் வல்கன் இனத்தவரின் சீட்டில் அதைப் பார்த்ததும் கறுப்புச் சட்டை ஜோக் வரத்தான் செய்யும், ஒரு அமர்வில் அடங்கிவிடும். மீதி இரண்டும் துணிச்சல், உடல்வலு. துறைகளில் ‘கான்’ மட்டும் கொஞ்சம் இழுத்தது. கப்பல் ஓட்டுவதும் அதில் அடங்குவதால் ‘சுக்கான்’ என்று வைத்தாயிற்று, காசிமேடு பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவை தலைமை, காவல், பொறியியல், அறிவியல், மருத்துவம்.

பெயருக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. ஒரே வேலைக்கு எந்தக் குணம் என்பது செய்யும் விதத்தைப் பொறுத்தது. மோதப்போகும் கல்லிலிருந்து கப்பலை வெடுக்கென்று திருப்பினால் துணிச்சலும் சுக்கானும். உடைந்த நிலையத்துக்குள் அங்குலம் அங்குலமாக நுழைத்தால் நிதானமும் சுக்கானும். சொல் பிசகினால் ஆட்டக்காரர் தப்பான எண்ணுக்கு வாதாடுவார், பத்து நிமிடம் போய்விடும்.

சீட்டுத் தயாரிப்பில் ஒரு எச்சரிக்கை. நிரப்பும் பெட்டி உள்ள ஆங்கில பி.டி.எஃப்-இல் நேரடியாகத் தமிழைத் தட்டினால், பல மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். ‘கொள்கை’ படிக்கவே முடியாது. லிப்ரே ஆபீஸில் அட்டவணையாகப் புதிதாக அடித்து பி.டி.எஃப் ஆக்கினால் இந்தத் தொல்லை இல்லை. எழுத்து 12 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. தமிழ்ச் சொல் நீளம், அதனால் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் அடங்கியது இங்கே ஒன்றேகால் பக்கம் வரும். ஆயுத விவரத்தைத் தனி அட்டைக்குத் தள்ளினால் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். அட்டைக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 300 ஜிஎஸ்எம் கேட்டு வாங்குவது நல்லது. அதைவிட மெலிந்தது கடல்காற்று ஈரத்தில் இரண்டே வாரத்தில் அப்பளம் மாதிரி வளைகிறது. இங்க்ஜெட் பிரிண்ட் வியர்வைக் கையில் கலைகிறது, லேசர் நிற்கிறது. லேமினேஷன் போட்டு ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதியது மூன்றாம் அமர்வில் தோற்றது: முழங்கை பட்டு உயிர்ப்புள்ளிகள் அழிந்துபோய் எல்லாரும் திடீரென்று குணமாகிவிட்டார்கள். சாதாரண அட்டையும் பென்சிலும் போதும்.

சீட்டு நிரப்பியதும் கூட்டிப் பார்க்க வேண்டும். வழக்கமான முதன்மைக் கதாபாத்திரத்துக்கு ஆறு குணங்களின் கூட்டல் 56, ஆறு துறைகளின் கூட்டல் 16. குணம் 12ஐத் தாண்டக் கூடாது, 12 ஒன்றுதான் இருக்கலாம். துறை 5ஐத் தாண்டக் கூடாது, அதுவும் ஒன்றுதான். ஐந்து சீட்டில் இரண்டு தப்பாகத்தான் வந்தன. கதாபாத்திரத்தை உருவாக்கும் வாழ்க்கைப் படிகளில் ஏதாவது ஒன்றின் கூடுதலை மறந்திருப்பார்கள்.

இனி மேசை. வடசென்னையில் சாப்பாட்டு மேசை கிடைக்காத வீட்டில்கூட கேரம் போர்டு கிடைக்கும். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024 உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிவந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆட்டப்பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம், சுற்றிச் சட்டம் இருப்பதால் டைஸ் கட்டிலுக்கடியில் ஓடாது. பிரச்சினை இரண்டு. குழி நாலரை சென்டிமீட்டர் அகலம், டைஸ் இரண்டு சென்டிமீட்டர்தான். முதல் மணி நேரத்தில் நான்கு முறை டைஸ் பாக்கெட் ஆனது. அதில் ஒன்று 20, சிக்கல் உண்டா இல்லையா என்று தகராறு. பழைய துணியைச் சுருட்டி நான்கு குழியிலும் அடைத்தாயிற்று. இரண்டாவது, போரிக் பவுடர் மிச்சம் இருந்தால் டைஸ் உருளாது, வழுக்கிக்கொண்டே போய் எடுத்த முகத்திலேயே நிற்கும். அப்படி விழுவது உருட்டலே இல்லை. ஈரத்துணியால் துடைத்து, நடுவில் ஒரு பருத்தித் துண்டை விரித்தால் தீர்ந்தது.

கேரம் காய்களும் வேலைக்கு வந்தன. உண்டியலில் அதிகபட்சம் ஆறுதான் சேரலாம் என்பது விதி. ஒன்பது வெள்ளையில் மூன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் விதியை யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம், காய் தீர்ந்தால் கணக்கும் நின்றது. கறுப்பு நடத்துநருக்கு. ஆட்டக்காரருக்கு இடைஞ்சல் கொடுக்க அவர் செலவழிப்பது, ஆங்கிலத்தில் ‘திரெட்’, இங்கே ‘கண்டம்’. தொடக்கத்தில் ஆளுக்கு இரண்டு, ஐந்து பேருக்குப் பத்து, ஆனால் கறுப்பு ஒன்பதுதான் இருக்கிறது. சிவப்பை ஐந்தாகக் கணக்கிட்டால் சரியாகிவிடும்: ஒரு சிவப்பு, ஐந்து கறுப்பு. வைராக்கியத்துக்கு, ஆங்கிலத்தில் ‘டிடர்மினேஷன்’, ஆளுக்கு ஒரு சோழி, மூன்றுக்கு மேல் சேராது.

காட்சி முடிந்தால் உண்டியலில் ஒன்று குறையும். எல்லாரும் மறக்கும் விதி இதுதான். ‘நடத்துநர்’ என்ற பெயரே கைகொடுத்தது: காட்சி முடிந்ததும் யாராவது ஒருவர் “போலாம் ரைட்” சொல்லாமல் விடுவதில்லை. ‘ரைட்’ கேட்டால் உண்டியல் பக்கத்தில் இருப்பவர் ஒரு காயை எடுத்துவிட வேண்டும் என்று வைத்ததிலிருந்து மறதி இல்லை.

இருபது முக டைஸ் குறைந்தது பன்னிரண்டு வேண்டும். வந்துசேரும் வரை ஹவுஸி டப்பாவிலிருந்து 1 முதல் 20 வரையான எண்களை மட்டும் எடுத்துக் குலுக்கினோம். ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்ட பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரட்டை 1 வரவே வராது, கணக்கு கெடும்.

ஆட்டத்தின் உயிர் உண்டியல்தான். அதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். முதல் மூன்று அமர்விலும் ஆறு காய் நிறைந்து கிடந்தது, ஆட்டக்காரர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். சம்பள நாள் வரை எட்டணாவையும் தொடாத புத்தி. நான்காம் அமர்வில் ஒருவர் கத்தியேவிட்டார்: “இன்னாணா, நெறைய வெச்சிக்கினு எதுக்கு? செத்தா கூடவா எடுத்துனு போகப் போறோம்?”

காயைக் கொடுத்தால் கூடுதல் டைஸ் வாங்கலாம். முதல் டைஸுக்கு ஒரு காய், இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. மூன்றுக்கு மேல் இல்லை. லாபம் என்ன என்று போட்டுப் பார்த்தால் சங்கதி புரியும். பகுத்தறிவு 10, அறிவியல் 4, இலக்கு 14, பயிற்சி உண்டு. தேவை மூன்று வெற்றி. இரண்டு டைஸில் ஜெயிக்கும் வாய்ப்பு 24 சதவீதம். ஒரு காய் போட்டு மூன்று டைஸ் என்றால் 56. இன்னும் இரண்டு காய் போட்டு நான்கு டைஸ் என்றால் 78. முதல் காய்க்குக் கிடைப்பது 32, அடுத்த இரண்டு காய்க்கும் சேர்த்து 22. ஆகவே தேவை மூன்று என்று நடத்துநர் சொன்னால் ஒரு காய் போடாமல் உருட்டுவது வீம்பு. மூன்று காய் போடுவது காட்சியின் உச்சத்துக்கு. டைஸ் கூடினால் சிக்கலும் கூடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்: இரண்டு டைஸில் ஏதாவது ஒன்று 20 ஆக வாய்ப்பு பத்து சதவீதம், நான்கில் பதினெட்டரை. உண்டியல் காலியாக இருந்தால் நடத்துநருக்குக் கண்டம் கொடுத்தும் டைஸ் வாங்கலாம், விலை அதேதான். அமர்வின் முதல் உருட்டலுக்கு அது நல்ல வழி.

இந்த மூன்று எண்களையும், 24, 56, 78 என்று, பெரிதாக எழுதி உண்டியல் டப்பாவிலேயே ஒட்டிய பிறகு செலவு தானாக நடந்தது.

சேதத்தையும் வேலையின் அளவையும் பார்க்கும் ஆறு முக டைஸ் தனி. 1 என்றால் ஒன்று, 2 என்றால் இரண்டு, 3ம் 4ம் பூஜ்யம், 5ம் 6ம் ஒன்றோடு ஒரு விளைவு. இரண்டாம் பதிப்பில் இதைத் தூக்கிவிட்டார்கள், தவறில்லை. லூடோ டைஸிலேயே ஆடினால் 5ஐ ஐந்து என்றே எண்ணுகிறார்கள். ஸ்டிக்கர் வியர்வையில் உரிகிறது. 5, 6 முகங்களில் சிவப்பு நெயில் பாலிஷ், 3, 4 முகங்களில் கறுப்பு பூசிக் காயவிட்டால் நிற்கிறது. எட்டு டைஸ் போதும்.

இவை அதிகம் உருள்வது நீண்ட பணியில். கப்பல் கசிவை அடைப்பது போன்ற வேலைக்கு எவ்வளவு வேலை என்று நிரப்பும் வேலைக் கோடு, முடிக்க எத்தனை திருப்பம் வேண்டும் என்ற எண், ஒவ்வொரு அடியிலும் கழியும் எதிர்ப்பு எண் மூன்றும் உண்டு. ஒவ்வொரு வெற்றிக்கும் துறை எண்ணோடு இரண்டைக் கூட்டி அத்தனை டைஸ். ஒரே அடியில் ஐந்து வந்தால் ஒரு திருப்பம், கோடு நிறைந்த பிறகு ஒன்று வந்தாலே ஒரு திருப்பம். பொறியியல் 4 என்றால் ஆறு டைஸ், சராசரி சரியாக ஐந்து. எதிர்ப்பு 1 வைத்தால் சராசரி நான்காகிவிடும். ஐந்தாம் அமர்வில் நாற்பது நிமிடம் இழுத்ததற்கு அந்த ஒரு எண்தான் காரணம். காட்சி இது: இரண்டு சரக்குக் கப்பல் மோதி எரிபொருள் கசிகிறது. 2017ல் எண்ணூருக்கு வெளியே கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயைப் பக்கெட்டில் அள்ளியதைப் பார்த்த ஊர், ஆட்டக்காரர்கள் முதலில் கேட்டதே “பக்கெட் எத்தனை?” எதிர்ப்பைப் பூஜ்யமாக்கி மறுபடி ஓட்டியதில் இருபது நிமிடத்துக்குள் முடிந்தது.

வைராக்கியச் சோழி செலவாக, சீட்டில் எழுதிய கொள்கை அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தினால் கூடுதலாக ஒரு டைஸ் கிடைக்கும், அதை 1 விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். ‘நேர்மையானவன்’ என்று எழுதினால் எங்கும் உதவாது. ‘கரைசேராத ஆள் ஒருத்தர்கூட இருக்கக் கூடாது’ என்று எழுதினால் உதவும், அதே கொள்கை, வேற்று நாகரிகங்களில் தலையிடாதே என்ற முதற்கட்டளையோடு முட்டி ஆளை மாட்டியும் விடும். இரண்டு பக்கமும் வெட்டினால்தான் கொள்கை.

ஆள் வராத நாளுக்கு வழி விதியிலேயே இருக்கிறது: கப்பலின் அளவு எண் எவ்வளவோ, ஒரு சாகசத்தில் அத்தனை துணைக் கதாபாத்திரங்களை இறக்கலாம். பெரிய கப்பலான கேலக்ஸி ரகத்துக்கு ஆறு, சிறிய டிஃபையன்ட்டுக்கு மூன்று. ஐந்து பேர் மேசைக்குப் பெரிய கப்பலே வசதி.

ஏழாம் அமர்வுக்கு முன் பாக்கி: மின்விசிறிக் காற்றில் பறக்கும் அட்டைகளுக்குக் கனமான கிளிப், இன்னும் நான்கு இருபது முக டைஸ், கப்பலின் ஆறு அமைப்புகளுக்கும் தனிப் பலகை. கப்பலின் கதிர் ஆயுதமான ஃபேசர் சுட்டால் மின்சக்தியில் ஒன்று குறையும், டார்பிடோ விட்டால் நடத்துநருக்கு ஒரு கண்டம் சேரும். இந்த இரண்டையும் அந்தப் பலகையிலேயே எழுதிவிட வேண்டும், ஆறு அமர்விலும் ஒரு தடவைகூட யாருக்கும் ஞாபகம் வரவில்லை.