0.12 விநாடி

ஜெர்மனியின் பனிச்சறுக்கு வீராங்கனை ரோசி மிட்டர்மையர் என்றாலே எல்லாரும் அவருடைய இரண்டு ஒலிம்பிக் தங்கத்தைத்தான் சொல்வார்கள், என் மனசு மட்டும் எப்போதும் அந்த ஒரு வெள்ளிப் பதக்கத்திடம்தான் போய் நிற்கும்.

பவேரியாவில் ரைட் இம் விங்க்ல் என்ற ஊருக்கு மேலே இருக்கும் விங்க்ல்மோஸ் ஆல்ம் மலையில் வளர்ந்தவர். 1968, 1972 என இரண்டு ஒலிம்பிக் போய் வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாவது, 1976-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக். அப்போது வயது 25.

முதல் போட்டி டவுன்ஹில். மேலிருந்து கீழே ஒரே மூச்சில் பாய வேண்டிய, வேகமே எல்லாமான பந்தயம். பருவம் முழுக்க நடக்கும் உலகக் கோப்பைப் போட்டிகளில் ஒரு டவுன்ஹில்கூட ஜெயிக்காதவர், அன்றைக்கு ஆஸ்திரிய வீராங்கனை பிரிகிட்டே டோட்ஷ்னிக்கை அவர் நாட்டிலேயே 0.52 விநாடியில் முந்தினார். மூன்று நாள் கழித்து ஸ்லாலம். நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் இதுதான் அவருடைய சொந்தக் களம், அதிலும் தங்கம்.

மிச்சம் ஜெயன்ட் ஸ்லாலம், கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும் பந்தயம். ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வென்ற பெண் அதுவரை யாருமே இல்லை (ஆண்களில் டோனி ஸைலரும் ஜான்-குளோத் கில்லியும் மட்டும்). பெண்களுக்கு அப்போது ஒரே ஓட்டம்தான், தவறினால் சரிக்கட்ட இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. கனடாவின் கேத்தி கிரைனர், 18 வயதுப் பெண், முதல் ஆளாக இறங்கி 1 நிமிடம் 29.13 விநாடியில் முடித்துவிட்டார். ரோசி வந்து சேர்ந்தது 1 நிமிடம் 29.25-இல். ஒன்றரை நிமிட ஓட்டத்தில் 0.12 விநாடி! ஒரு வளைவில் கொஞ்சம் அகலமாகத் திரும்பினாலே போய்விடும் நேரம் அது. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பருவத்திலேயே உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தையும் வென்றார். அப்புறம் அதே ஆண்டு ஓய்வை அறிவித்துவிட்டார். உச்சத்தில் இருக்கும்போதே இறங்கிய அந்தத் துணிச்சல்தான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. ஸ்லாலம் வீரர் கிறிஸ்டியன் நாய்ராய்தரை 1980-இல் மணந்தார். மகன் ஃபெலிக்ஸும் பனிச்சறுக்குக்கே வந்து, அம்மாவின் 10 உலகக் கோப்பை வெற்றிகளைத் தாண்டி 13 வென்றார். ஆனால் ஒலிம்பிக் பதக்கம் மட்டும் அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

2023 ஜனவரி 4 அன்று, 72 வயதில் ரோசி இறந்துபோனார். ஜெர்மனிக்கு அவர் கடைசிவரை ‘கோல்ட் ரோசி’தான்.